அண்டை வீட்டுப் போரில் மூன்றாவது தரப்பு

உள்நாட்டுப் போரில் சிக்கிய ஒரு நாட்டுக்குள், அதைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள அண்டை நாடு தன் படையை இறக்கினால் போர் விரைவில் முடிந்துவிட வேண்டும் அல்லவா, நடைமுறையில் அது ஏன் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆயுத பலத்தை மட்டும் கணக்கிட்டால் இந்த எதிர்பார்ப்பு நியாயமானதுதான். ஆனால் உள்ளே நுழைகிற நாடு, ஏற்கெனவே நடக்கும் சண்டையில் ஒரு தரப்புக்குத் தோள்கொடுக்க மட்டும் வருவதில்லை. தன் எல்லை, தன் எதிரி, தன் உள்நாட்டு அரசியல் ஆகியவற்றிலிருந்து பிறந்த தனிக் கணக்கு ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, அந்தப் போரில் மூன்றாவது தரப்பாகவோ நான்காவது தரப்பாகவோ சேர்ந்துகொள்கிறது. இருவர் உடன்பட்டால் முடிந்திருக்கக்கூடிய போர், அதன் பிறகு மூவர் உடன்பட்டால்தான் முடியும் என்றாகிவிடுகிறது. உள்நாட்டுப் போர்களைத் தொகுத்து ஒப்பிட்ட அரசியல் ஆய்வாளர்கள் பலரும் வெளித் தலையீடு உள்ள போர்கள் அதிக காலம் நீடிப்பதையே கண்டிருக்கிறார்கள். இயல்பிலேயே நீளக்கூடிய போர்களில்தான் அண்டை நாடுகள் தலையிடுகின்றனவோ என்ற எதிர்க்கேள்வி இங்கே எழும். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆகவே எண்ணிக்கைகளை ஒதுக்கிவிட்டுச் சில போர்களை உள்ளே இறங்கிப் பார்ப்பது நல்லது.

லெபனானில் 1975 ஏப்ரலில் போர் வெடித்தது. ஓராண்டுக்குள் கமால் ஜும்ப்ளாட் தலைமையிலான இடதுசாரிக் கூட்டணியும் பாலத்தீன ஆயுதக் குழுக்களும் மரோனைட் கிறித்தவப் படைகளை நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தன. அரபு தேசியம் பேசிய சிரியாவின் ஹாஃபிஸ் அல் அசாத் இந்தப் போரில் யாருக்கு உதவுவார் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், பாலத்தீனர்களுக்கு என்றுதான் பெரும்பாலோர் சொல்லியிருப்பார்கள். ஆனால் 1976 ஜூனில் அவருடைய படை எல்லை தாண்டிச் சென்றது கிறித்தவத் தரப்பைத் தோல்வியிலிருந்து காப்பதற்காக. பாலத்தீனக் குழுக்களின் கை ஓங்கிய லெபனான் தன்னையும் இஸ்ரேலுடன் ஒரு போருக்குள் இழுத்துவிடும் என்பதும், தோற்கும் கிறித்தவர்கள் தனிநாடு கேட்டு இஸ்ரேலின் பக்கம் சாய்வார்கள் என்பதும் அவருடைய அச்சங்கள். இரண்டே ஆண்டுகளில், 1978இல், அதே சிரியப் பீரங்கிகள் கிழக்கு பெய்ரூட்டின் கிறித்தவக் குடியிருப்புகள்மீது குண்டு பொழிந்தன. இதைக் கொள்கை மாற்றம் என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் தயவின்றி நிற்கும் அளவுக்கு லெபனானில் எந்தத் தரப்பும் வென்றுவிடக் கூடாது என்பதே தொடக்கம் முதல் டமாஸ்கஸின் நோக்கமாக இருந்தது. அத்தகைய நோக்கத்தோடு ஒரு படை உள்ளே இருக்கும்வரை, தோற்கப்போகிறவருக்குக் கை கொடுக்கவும் வெல்லப்போகிறவரின் காலை இழுக்கவும் ஆள் இருந்துகொண்டே இருக்கும். போரை முடிக்க 1989ஆம் ஆண்டில் எட்டிய தாயிஃப் உடன்பாட்டுக்கும், அதை ஏற்க மறுத்த லெபனான் தளபதி மிஷேல் அவுனை 1990 அக்டோபரில் சிரியப் படை அகற்றியதற்கும் பிறகுதான் போர் அடங்கியது. அதாவது, சிரியா கேட்ட விலை முழுவதும் அதற்குக் கிடைத்த பிறகு.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கை. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இரு அரசுகளுக்கு இடையிலானது. போரிட்டுக்கொண்டிருந்த விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. ஒப்பந்தத்தின் உடலைக் காட்டிலும் அதனோடு இணைக்கப்பட்ட கடிதங்களே டெல்லியின் கணக்கைத் தெளிவாகச் சொல்கின்றன: திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடக் கூடாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் சீரமைக்க வேண்டும், வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ, உளவு வேலைகளுக்குப் பயன்படக் கூடாது. இவற்றுக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் மறுநாள் உயிரோடு விழிப்பதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஜெயவர்த்தனவுக்கோ தெற்கில் ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரி அமைப்பின் கிளர்ச்சி தலைதூக்கியிருந்தது, வடக்கை இந்தியப் படையிடம் விட்டுவிட்டால் தன் படையைத் தெற்கே திருப்பலாம். புலிகளின் நோக்கம் தனி ஈழம். இந்தியாவோ தன் நாட்டுக்குள்ளேயே பிரிவினை இயக்கங்களோடு போராடிக்கொண்டிருந்ததால், மாகாண சபைக்கு மேல் எதற்கும் உடன்படும் நிலையில் இல்லை. மூன்று தரப்பின் நோக்கங்களும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தாலும் ஒன்றோடொன்று பொருந்தாதவையாக இருந்தன.

அந்தத் தாள் பதினொரு வாரங்கள்கூடத் தாங்கவில்லை. 1987 அக்டோபர் 10 அன்று, அமைதி காக்க வந்த இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் இடையே முழுப் போர் தொடங்கியது. இரண்டு வாரங்களுக்குள் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். காக்க வந்ததாகச் சொல்லப்பட்ட மக்களின் நம்பிக்கையை அந்தப் படை அதற்குப் பிறகு மீட்கவே இல்லை. போரின் தர்க்கம் உண்மையில் எவ்வளவு தூரம் திரிந்துவிட்டது என்பதை 1989 காட்டியது. அந்த ஆண்டு பதவிக்கு வந்த பிரேமதாச இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று நாள் குறித்துக் கேட்டதோடு நிற்காமல், அந்தப் படையையும் அதன் துணைக் குழுக்களையும் எதிர்த்துப் போரிட்ட புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். அரசும், அந்த அரசை உடைக்கப் போரிட்ட இயக்கமும் ஒன்றுசேர்ந்து, இருவருக்கும் நடுவராக வந்தவரை வெளியேற்றின. ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் உயிரிழந்த பிறகு 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. இந்தியாவின் ஆதரவில் நின்ற வடகிழக்கு மாகாண அரசு அதற்குள்ளேயே சரிந்திருந்தது. ஜூனில் கொழும்புக்கும் புலிகளுக்கும் இடையே மறுபடியும் போர்.

ஒரே ஒரு அண்டை நாடு நுழைந்தாலே இந்த நிலை. பல நாடுகள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் காங்கோவைவிடப் பெரிய பாடம் இல்லை. 1994இல் ருவாண்டாவில் துட்சி மக்கள்மீது நடத்தப்பட்ட இனப்படுகொலைக்குப் பிறகு, அதை நிகழ்த்திய படையினரும் குண்டர் படையினரும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹுட்டு அகதிகளோடு கலந்து கிழக்குக் காங்கோவின் முகாம்களில் தங்கினார்கள்; அங்கிருந்தபடி ருவாண்டாவைத் தாக்கினார்கள். ருவாண்டாவின் பாதுகாப்பு அச்சம் கற்பனையானது என்று எவரும் சொல்ல முடியாது. 1996இல் ருவாண்டாவும் உகாண்டாவும் லோரான் கபிலா என்ற பழைய கிளர்ச்சியாளரை முன்னிறுத்தி உள்ளே நுழைந்தன. 1997 மே மாதத்தில் காங்கோவை ஆண்ட மொபுட்டுவின் முப்பதாண்டு ஆட்சி விழுந்தது. எட்டே மாதங்களில் வெற்றி. தலையீட்டை ஆதரிப்பவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுவது வழக்கம்.

வெற்றிக்குப் பின் கபிலாவின் புதிய படைக்குத் தலைமை தாங்கியவர் ஜேம்ஸ் கபரெபே என்ற ருவாண்டா அதிகாரி. அந்நியர் கையில் படையை ஒப்படைத்துவிட்டு ஒரு குடியரசுத் தலைவர் தன் மக்கள் முன் எத்தனை நாள் நிற்க முடியும்? 1998 ஜூலையில் கபிலா ருவாண்டாவினரை வெளியேறச் சொன்னார். ஆகஸ்ட் 2 அன்று கிழக்கில் புதிய கிளர்ச்சி வெடித்தது. இரண்டே நாட்களில் கபரெபே விமானங்களில் படையினரை ஏற்றிக்கொண்டு நாட்டின் மறுகோடியில், அட்லாண்டிக் கரைக்கு அருகிலுள்ள கிட்டோனாவில் இறங்கினார். தலைநகர் கின்ஷாசா விழ வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் அங்கோலாவும் ஜிம்பாப்வேயும் நமீபியாவும் கபிலாவின் பக்கம் படை அனுப்பின. ருவாண்டாவும் உகாண்டாவும் ஒருபுறம், இந்த மூன்றும் மறுபுறம் என எந்தத் தரப்பும் வெல்ல முடியாத ஒரு சமநிலை உருவாகி, நாடு நடுவே பிளந்து நின்றது.

அடுத்த கட்டம் இன்னும் விசித்திரமானது. கூட்டாளிகளாக வந்த ருவாண்டாவும் உகாண்டாவும் கிசங்கானி நகரில் ஒன்றையொன்று தாக்கின: 1999 ஆகஸ்டில் ஒரு முறை, 2000 மே மாதத்தில் மறு முறை, ஜூனில் ஆறு நாட்கள் தொடர்ந்து. காங்கோ படையினர் எவரும் இல்லாத ஒரு காங்கோ நகரத்தில் இரண்டு வெளிநாட்டுப் படைகள் பீரங்கியால் சுட்டுக்கொள்ள, நூற்றுக்கணக்கான காங்கோ மக்கள் மாண்டார்கள். எந்தக் கிளர்ச்சிக் குழுவை யார் நடத்துவது என்பதும், வைரமும் தங்கமும் விளையும் பகுதிகள் யார் கையில் இருப்பது என்பதும் சண்டைக்குக் காரணங்கள். எல்லைப் பாதுகாப்புக்காக அனுப்பப்பட்ட படை, எல்லையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, தனக்கான வருமானத்தைத் தானே தேடிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டால், வீடு திரும்புவதில் அதன் தளபதிகளுக்கு ஆதாயம் இல்லாமல் போகிறது. தலையீடுகள் நீள்வதற்கான காரணங்களில் இதைப் பற்றித்தான் அரசுகளின் அறிக்கைகள் மிகக் குறைவாகப் பேசும். 2002 ஜூலையில் பிரிட்டோரியாவில் ருவாண்டாவுடனும் செப்டம்பரில் லுவாண்டாவில் உகாண்டாவுடனும் தனித்தனியே உடன்பாடு கண்ட பிறகே அந்நியப் படைகள் அகன்றன. காங்கோவின் தரப்புகளுக்கிடையிலான உடன்பாடு அவற்றுக்குப் பிறகுதான் கைகூடியது. அதிலும் கிழக்குப் பகுதி அடங்கவில்லை. ருவாண்டாவின் ஆதரவு பெற்றதென ஐ.நா. வல்லுநர்கள் சொல்லிவரும் எம்23 கிளர்ச்சிக் குழு 2025 ஜனவரியில் கோமா நகரைக் கைப்பற்றியது.

இவையெல்லாம் சட்டப்படி செல்லுமா என்ற கேள்வியும் இதற்குள் அடங்கியிருக்கிறது. ஐ.நா. சாசனத்தின் 2(4)ஆம் பிரிவு இன்னொரு நாட்டின்மீது படைபலம் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. 51ஆம் பிரிவு தற்காப்புக்கு விலக்கு அளிக்கிறது. ஒரு நாட்டின் அரசு அழைத்தால் செல்லலாம், அரசை எதிர்ப்பவர்கள் அழைத்தால் செல்லக் கூடாது என்பது 1986ஆம் ஆண்டின் நிகரகுவா வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் எடுத்த நிலை. கேட்பதற்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்நாட்டுப் போர் என்பதே 'யார் அரசு' என்பதைப் பற்றிய சண்டை. 2015 மார்ச்சில் யேமனின் குடியரசுத் தலைவர் ஹாதி வளைகுடா நாடுகளை உதவிக்கு அழைத்தபோது, தலைநகர் சனா ஹூதி கிளர்ச்சியாளர்களின் கையில் இருந்தது. அவரோ ஏடனிலும் பாதுகாப்பாக இருக்க முடியாமல் விரைவிலேயே ரியாதுக்குச் சென்று சேர்ந்தார். உலகம் ஏற்ற அரசு அவருடையதுதான். ஆயினும் மண்ணில் காலூன்றாத ஓர் அரசின் அழைப்பு, நுழைகிறவருக்குச் சட்டக் கவசமாகும் அளவுக்கு, உள்ளூரில் அவருக்கு நியாயத்தைச் சேர்த்துத் தருவதில்லை.

யேமனில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் வடிவம் பழையதுதான். சில வாரங்களில் முடியும் என்ற நம்பிக்கையோடு 2015 மார்ச் 26 அன்று சவூதி அரேபியா தலைமையில் வான்தாக்குதல் தொடங்கியது. சவூதிக்குத் தன் தெற்கு எல்லையும் ஈரானின் செல்வாக்கும் கவலை. கூட்டாளியான ஐக்கிய அரபு அமீரகத்துக்குத் தென் கடற்கரைத் துறைமுகங்களும் இஸ்லாமியவாதக் கட்சிகளை ஒடுக்குவதும் கவலை. ஆகவே அமீரகம் தெற்கில் தனிநாடு கேட்பவர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. 2019 ஆகஸ்டில் அந்தத் தென் பிரிவினைப் படை, எந்த அரசை மீட்பதற்காகப் போர் தொடங்கப்பட்டதோ அதே அரசை ஏடனிலிருந்து துரத்தியது. அந்நகரை மீட்க வந்த அரசுப் படையை அமீரக விமானங்கள் தாக்கின. போர், பசி, நோய் ஆகியவற்றால் 2021 முடிவதற்குள் 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பகுதியினர் குண்டடிபட்டு இறந்தவர்கள் அல்லர்.

விரைவில் முடிந்த தலையீடு ஒன்றுகூட இல்லையா என்றால், உண்டு. 1971 டிசம்பர் 3 அன்று இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே வெளிப்படையாகத் தொடங்கிய போர் 16ஆம் தேதி டாக்காவில் சரணாகதியோடு முடிந்தது. மறு ஆண்டு மார்ச்சுக்குள் இந்தியப் படை வங்கதேசத்தை விட்டு வெளியேறிவிட்டது. இந்தியாவுக்கு இங்கே தன்னலம் இல்லாமல் இல்லை. எதிரி நாட்டை இரண்டாகப் பிளக்கும் வாய்ப்பை எந்த அரசும் விடாது, எல்லை தாண்டி வந்த அகதிகளின் சுமையும் பெரிது. ஆனால் அந்தத் தன்னலம் வங்காளிகள் கேட்டதோடு ஒரே புள்ளியில் முடிந்தது. அதைவிட முக்கியமானது, ஆட்சியை ஏற்கத் தயாராக ஓர் இயக்கம் அங்கே இருந்தது. 1970 டிசம்பர்த் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ வென்றிருந்த அவாமி லீக் அது. அதன் தலைமையை இந்தியா தேடிப்பிடித்து உருவாக்க வேண்டியிருக்கவில்லை. கிழக்கில் இருந்த தன் படைக்கு மேற்கிலிருந்து உதவி அனுப்பப் பாகிஸ்தானுக்கு நிலவழியும் இல்லை.

கம்போடியாவை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1978 டிசம்பர் 25 அன்று எல்லை தாண்டிய வியட்நாம் படை 1979 ஜனவரி 7 அன்றே புனோம் பென்னில் நுழைந்து, மானுட வரலாற்றின் மிகக் கொடிய ஆட்சிகளில் ஒன்றை விரட்டியது. உயிர்களைக் காத்தது என்ற அளவுகோலில் அதற்கு நிகரான தலையீடுகள் சிலவே. ஆயினும் படை பத்தாண்டுகளுக்கு மேல் அங்கேயே இருக்க நேர்ந்தது. விரட்டப்பட்ட கெமர் ரூஜ் தாய்லாந்து எல்லையில் ஒதுங்க, சீனா அதற்கு ஆயுதம் கொடுத்தது, ஐ.நா. அவையில் கம்போடியாவின் இருக்கைகூடப் புதிய அரசுக்குக் கிடைக்கவில்லை. வியட்நாம் நிறுவிய அரசை அதன் மக்களில் பலர் நன்றியோடு பார்த்தாலும், அந்நியன் வைத்த அரசு என்ற பழியை அது சுமந்தது. இந்த இரண்டு போர்களுக்கும் இடையிலான வேறுபாட்டில் படைத்திறனுக்குப் பங்கு குறைவு. எதிரிக்கு ஒதுங்க இடமும் ஊட்ட ஒரு கையும் இருந்ததா, பொறுப்பை வாங்கிக்கொள்ள உள்ளூரில் வேர்விட்ட ஒரு தரப்பு இருந்ததா என்பவைதான் முடிவைத் தீர்மானித்தன.

காப்பவர் போய்விட்டால் காக்கப்பட்டவர் விழுந்துவிடுவார் என்ற வாதம் படை விலக்கலுக்கு எதிராக எப்போதும் சொல்லப்படும். அது எப்போதும் உண்மையாவதில்லை. 1962இல் யேமனில் மன்னராட்சியைக் கவிழ்த்த குடியரசினரைத் தாங்குவதற்கு எகிப்தின் நாசர் படை அனுப்பினார். உச்சத்தில் அது 70,000 பேர் அளவுக்கு வளர்ந்தது. மறுபுறம் மன்னர் தரப்புக்குச் சவூதி பணமும் ஆயுதமும் தந்தது. 1967 ஜூனில் இஸ்ரேலிடம் தோற்ற எகிப்து அந்த ஆண்டு முடிவதற்குள் வெளியேறியது. குடியரசு சில வாரங்கள்கூடத் தாங்காது என்று எண்ணி மன்னர் படை சனாவை முற்றுகையிட்டது. முற்றுகை எழுபது நாட்கள் நீடித்து, தோற்றது. எகிப்தியர் போனதும் மலைநாட்டுக் குலத்தவர்களுக்கு 'அந்நியனை எதிர்க்கிறோம்' என்ற காரணம் இல்லாமல் போயிற்று. சவூதிக்கும் எல்லையில் நாசரின் படை என்ற அச்சம் நீங்கியது. 1970இல் சவூதியே அந்தக் குடியரசை அங்கீகரித்தது. சோமாலியாவில் இதன் இன்னொரு முகம் தெரிகிறது: 2006 டிசம்பரில் எத்தியோப்பியப் படை, தலைநகரைத் தன் கையில் வைத்திருந்த இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியத்தை மொகடிஷுவிலிருந்து விரட்டியது, அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்க்கும் பெயரில் அதன் சிறு இளைஞர் பிரிவான அல் ஷபாப் பெரும் படையாக வளர்ந்தது, 2009 ஜனவரியில் எத்தியோப்பியா வெளியேறிய அதே மாதத்தில் சோமாலியாவின் குடியரசுத் தலைவரானவர் விரட்டப்பட்ட ஒன்றியத்தின் தலைவர் ஷேக் ஷரீஃப் அகமது.

எனவே தலையிட்ட படைகள் எப்போது வெளியேறுகின்றன என்றும் நீங்கள் கேட்கக்கூடும். போர்க்களம் அதைத் தீர்மானிப்பது அரிது. எகிப்தை வெளியேற்றியது வேறொரு போரில் அடைந்த தோல்வி. வியட்நாம் 1989இல் விலகியதற்கு முக்கியக் காரணம், சோவியத் உதவி வற்றத் தொடங்கியதும் சீனாவுடன் சமாதானம் தேவைப்பட்டதும். இந்தியா விலகியது கொழும்பிலும் டெல்லியிலும் ஆட்சி மாறியதால். 2005 பிப்ரவரியில் லெபனானின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி கொல்லப்பட்ட பின் பெய்ரூட் வீதிகளில் திரண்ட கூட்டமும் வெளிநாட்டு அழுத்தமும் சேர்ந்து, 29 ஆண்டுகளுக்குப் பிறகு சிரியப் படையைக் கிளப்பின.

பொறுப்புக் கூறல் என்ற ஒன்று இதில் உண்டா என்பதற்கு ஒரே ஒரு முழுமையான வழக்கைத்தான் என்னால் சுட்ட முடிகிறது. காங்கோ தொடுத்த வழக்கில் 2005 டிசம்பரில் பன்னாட்டு நீதிமன்றம் உகாண்டாவின் தற்காப்பு வாதத்தை நிராகரித்து, அது சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது. ருவாண்டா அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்காததால் அதன்மீதான குற்றச்சாட்டுகளின் உள்ளடக்கம் விசாரணைக்கே வரவில்லை. இழப்பீட்டுத் தொகையை முடிவுசெய்ய மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. 2022 பிப்ரவரியில் 32.5 கோடி டாலரை ஐந்து ஆண்டுத் தவணைகளில் செலுத்துமாறு உகாண்டாவுக்கு ஆணை வந்தது. அந்த நாளில் உகாண்டாவின் படை மறுபடியும் கிழக்குக் காங்கோவில்தான் இருந்தது; இம்முறை வேறொரு கிளர்ச்சிக் குழுவை எதிர்ப்பதற்காக, கின்ஷாசா அரசின் ஒப்புதலோடு, 2021 நவம்பர் இறுதியில் சென்றிருந்தது.